மச்சான்ர கடை ஆட்டம் காணுதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வியைச் சுருக்கமா முதல்ல போட்டுவிடுறன். திருகோணமலையில உவர்மலைப் பக்கம் இருக்கிற ஒரு தம்பி, தன்ர மச்சானோட ஹாட்வெயார் கடைக்கு 12 லட்சம் குடுத்திருக்கிறார். மாசம் 18,000 "லாபக் காசு" எண்டு ஒழுங்கா வந்துகொண்டிருந்ததாம், இப்ப ரெண்டு மாசமா பிந்துது, அதுவும் பாதி பாதியா வருது. அதே மச்சான்ர பாங்க் லோனுக்கும் இவர்தான் பிணை. கடை திறந்துதான் கிடக்கு, ஆக்கள் வந்து போகினம், கேட்டா மனஸ்தாபம், கேக்காட்டி நித்திரை இல்லை, உண்மையிலயே கடை விழுதோ இல்லையோ எண்டு எதை வச்சுப் பாக்கிறது எண்டு கேக்கிறார்.

தம்பி, நான் 20 வருசத்துக்கு மேல பாங்க்ல கடன் பகுதியில இருந்தனான், முதல் கந்தளாய், பிறகு டவுண். இப்ப ரிட்டயராகி நாலைஞ்சு சின்னக் கடைக்காரருக்கு கணக்கு எழுதிக் குடுக்கிறன், அதால மேசைக்கு ரெண்டு பக்கமும் இருந்து பாத்திருக்கிறன். கடை திறந்திருக்கிறதை வச்சு ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ. விழப்போற கடையிலயும் யாவாரம் நடக்கும், சில நேரம் முந்தியவிடக் கூடவே நடக்கும், ஏனெண்டா காசு தேவைப்பட்டு நட்டத்துக்கும் விப்பினம். நான் பாக்கிறது ஒரே ஒரு விசயம்: காசு தட்டுப்படேக்க அவர் ஆருக்கு முதல் குடுக்கிறார், ஆருக்கு இழுக்கிறார் எண்ட வரிசை. அந்த வரிசை மாறினா உள்ளுக்க ஏதோ மாறிப்போச்சு.

எந்த முதலாளியும் நாளைக்குக் காலமை தன்ர கடையை நிப்பாட்டக்கூடிய ஆளுக்குத்தான் முதல் குடுப்பார். பின்னேரம் மோட்டச்சைக்கிள்ல வாற நாள்வட்டிக்காரனுக்கு அண்டைக்கே. காசு தராட்டி சாமான் இறக்கமாட்டன் எண்டு நிக்கிற லொறிக்கு அண்டைக்கே. வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போற லீசிங்காரனுக்கு அந்த மாசத்துக்குள்ள. அதுக்குப் பிறகு கரண்ட் பில், பாங்க், சம்பளம். கடை வாடகை அதுக்கும் பின்னால, வீட்டுக்காரர் ஐயா நல்ல மனுசன் எண்டா இன்னும் பின்னால. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), வரி எல்லாம் கேக்க ஆள் வாறவரைக்கும் இல்லை. கடைசியில சொந்தக்காரர், அதாவது நீங்க. அப்ப உங்கட காசு பிந்துது எண்டா, இறுக்கம் தொடங்கினவுடன முதல் அடி விழுந்தது உங்களுக்குத்தான் எண்டு எடுக்கலாம். பாங்க்குக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது. ஒருவிதத்தில உங்களுக்கு அது நல்லது, எல்லாருக்கும் முதல் நீங்க அறிஞ்சிட்டீங்க, அதை ரோசம் பாத்து வீணாக்காதேங்கோ.

கடையில வேலை செய்யிற பெடியனிட்ட ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்க கேளுங்கோ, ஈபிஎஃப் கட்டுப்படுதோ எண்டு. இதை விட நல்ல அறிகுறி எனக்குத் தெரியாது. தொழிலாளியின்ர சம்பளத்தில 8% வெட்டி, முதலாளி 12% போட்டு, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%மும் சேத்து அடுத்த மாச முடிவுக்குள்ள கட்டவேணும். நாலு பெடியள், ஆளுக்கு 40,000 எண்டா சம்பளம் 1,60,000, அதில 23% எண்டா மாசம் 36,800. இதைக் கட்டாம விட்டா ஆரும் கடை வாசல்ல வந்து கத்தமாட்டான், அதால சொந்தக்காரற்ற காசோட சேத்து முதல்ல கை வைக்கிறது இதிலதான். சம்பளத்தில வெட்டின 8%ஐயும் கட்டேல்ல எண்டா பெடியன்ர காசிலதான் கடை ஓடுது. ஈபிஎஃப் பிந்தப் பிந்த 5%இல தொடங்கி 50% வரைக்கும் மேலதிகம் ஏறும், இதுவும் நல்ல விலையான கடன்தான், ஆனா எடுக்கிற ஆளுக்கு அது கடன் எண்டே படாது.

இனி கடைக்குள்ள பாருங்கோ. மச்சானோட கதைக்கவேண்டாம், போய் ஒரு அரை இஞ்சி பிவிசி எல்போவும் ரெண்டு இஞ்சி ஆணியும் கேளுங்கோ. ஹாட்வெயார் கடையில பெரிய சாமான் இல்லாம இருக்கலாம், அது ஓடர் பண்ணி எடுக்கிறது. ஆனா எல்போ, ஆணி, பல்ப், கட்டர் பிளேட் மாதிரி தினம் ஓடுற சில்லறைச் சாமான் இல்லை, "நாளைக்கு வரும் அண்ணை" எண்டு சொல்லுறாங்கள் எண்டா சப்ளையர் கை வச்சிட்டான். அதேநேரம் மூலையில நாலு வருசத்துக்கு முந்தின டைல்ஸ் பெட்டி தூசியோட கிடக்கும், ஸ்டொக் கணக்கில அது முழு விலைக்கு நிக்கும். பெயின்ட் தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கோ, முன் வரிசை வடிவா அடுக்கியிருக்கும், பின்னால வெறும் தட்டு. சிமெந்து இன்னும் நல்ல சாட்சி. சிமெந்தை மாசக்கணக்கில வச்சிருக்க ஏலாது, எங்கட கடல் காத்துக்குக் கட்டிப்பட்டுப் போகும், அதால நல்லா ஓடுற கடைக்கு அடிக்கடி லொறி வந்து 200 பாக் இறக்கும். லொறி வாறது நிண்டு, பக்கத்துக் கடையில 20 பாக் லாண்ட்மாஸ்டர்ல ஏத்திக்கொண்டு வந்து விக்கிறார் எண்டா அவருக்கு ஏஜென்ட் கடன் நிப்பாட்டியாச்சு, லாபமே இல்லாம வாடிக்கையைப் பிடிச்சு வச்சிருக்கிறார். சீனக்குடாவில சிமெந்து ஃபெக்டறியை வச்சுக்கொண்டு டவுணுக்குள்ள ஒருத்தன் சிமெந்து இல்லை எண்டு சொல்லுறான் எண்டா குறை சிமெந்தில இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவா நடக்குது, ஏன் மச்சானுக்கே விளங்கேல்ல எண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன். இது நான் மனசில போடுற கணக்கு, அவர்ர கணக்கு இல்லை. மாசம் 30 லட்சம் யாவாரம், நூற்றுக்கு 14 நிக்குது எண்டு வச்சா 4,20,000. சம்பளம் 1,60,000, முதலாளி பங்கு ஈபிஎஃப் ஈடிஎஃப் 24,000, வாடகை 50,000, கரண்ட், போன், டீசல் 45,000. மிச்சம் 1,41,000. இப்ப லொறி லீசிங் 78,000, பாங்க் லோன் 85,000, உங்கட 18,000. கூட்டினா 1,81,000. மாசம் 40,000 குறையுது, அவர்ர வீட்டுச் செலவை நான் இன்னும் எழுதவே இல்லை. நாளுக்குப் பாத்தா 1,300 சொச்சம்தான். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் புழங்குற லாச்சியில 1,300 குறையிறது ஆருக்குத் தெரியும்? பின்னேரம் லாச்சியைத் திறந்தா காசு கிடக்கும், அது தன்ர காசு எண்டு நினைப்பார், உண்மையில அது சப்ளையற்ற காசு, 45 நாளையில திருப்பிக் குடுக்கவேண்டியது. அந்த 45 நாள் 60 ஆகி 75 ஆகும்போதுதான் மேல சொன்ன வரிசை மாறத் தொடங்கும். வருசத்தில 4,80,000 ஓட்டை, வீட்டுச் செலவையும் சேத்தா அதைவிட எத்தனையோ மடங்கு.

பிறகு வட்டி. 2022 எங்களில கனபேருக்கு மறக்காது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே அடியில கொள்கை வட்டியை 7% கூட்டினது, வருசத் தொடக்கத்தில 9%க்குக் கீழ நிண்ட பிரைம் ரேட் (பாங்க்குகள் நல்ல வாடிக்கையாளருக்குக் குடுக்கிற கடன் வட்டி) வருச முடிவில 27%ஐத் தாண்டிச்சு. 20 லட்சம் ஓவர்ட்ராஃப்ட் (கணக்கில இருக்கிறதுக்கு மேல எடுக்கிற கடன்) பிரைமுக்கு மேல 3% எண்டு எடுத்திருந்த ஆளுக்கு மாச வட்டி 20,000த்தில இருந்து 50,000. யாவாரம் ஒரு சதம் மாறேல்ல, கடன் ஒரு ரூபா கூடேல்ல, அப்பிடியே நிண்ட இடத்தில மனுசன் அமிழ்ந்து போனார். வட்டி பிறகு இறங்கினது, ஆனா அந்த ஒண்டரை வருச ஓட்டையை அடைக்க எடுத்த கைமாத்தையும் அடைவையும் இண்டைக்கும் இழுத்துக்கொண்டு திரியிற ஆக்கள் இருக்கினம். அதால மச்சானிட்ட கேளுங்கோ, உங்கட கடன் நிலையான வட்டியோ மாறுற வட்டியோ எண்டு. தெரியாது எண்டு சொன்னா அதுவும் ஒரு அறிகுறிதான்.

பாங்க் பக்கம் இருந்து நாங்க எதைப் பாத்தம் எண்டு கேட்டா, ஓவர்ட்ராஃப்ட் கணக்கு மூச்சு விடுதோ எண்டுதான். 20 லட்சம் லிமிட் எண்டா ஒரு மாசத்தில ஒருக்கா ரெண்டு தரமாவது 6க்கோ 7க்கோ இறங்கிப் பிறகு ஏறவேணும், சாமான் வித்த காசு வந்து விழும்தானே. 19க்கும் 20க்கும் நடுவில செத்த நாடி மாதிரி நிண்டா அது ஓவர்ட்ராஃப்ட் இல்லை, திருப்பிக் கட்டாத லோன். மற்றது உருண்டைத் தொகைகள். கடைக்கு வாற காசு 47,350, 12,880 எண்டுதான் வரும். 5,00,000 வந்து ரெண்டு நாளையில 5,00,000 போனா ரெண்டு சிநேகிதர் மாறி மாறி செக் எழுதி லிமிட்டுக்க காட்டுறாங்கள்.

கிண்ணியாவில ஒரு மீன் யாவாரி இருக்கிறார், நாங்க காக்கா எண்டுதான் கூப்பிடுறது. எங்களுக்கு ட்ரெயினிங்ல படிப்பிச்சதை அவர் வாடியில (மீன் இறக்கிற கொட்டில்ல) நிண்டே செய்வார். படகுக்காரருக்கு வலைக்கும் இஞ்சினுக்கும் அட்வான்ஸ் குடுப்பார், கடுதாசி ஒண்டும் இல்லை, மீனை இவர்ர வாடியிலதான் இறக்கவேணும், அவ்வளவுதான் ஒப்பந்தம். கடன்காரன் நல்லா இருக்கிறானோ எண்டு அவர் கேக்கிறதே இல்லை. படகு கரைக்கு வாற நேரத்தைப் பாப்பார். வழமையா விடிய ஆறுக்கு வாறவன் நாலரைக்கு வந்திட்டுப் போனா, அல்லது நல்ல மீன் வேற வாடியில இறங்கி கழிவு மீன் மட்டும் இவரிட்ட வந்தா, அண்டைக்கே அவன்ர வீட்டுக்குப் போவார், சண்டைக்கில்லை, என்ன தேவை எண்டு கேக்க. அங்க இன்னொருத்தனிட்டயும் கடன் பட்டிருக்கிறான் எண்டு அர்த்தம். பாங்க்ல அதே விசயம், யாவாரக் காசு மெல்ல மெல்ல வேற பாங்க் கணக்குக்குப் போகத் தொடங்கும், எங்களிட்ட தவணை கட்டுற அளவுக்கு மட்டும் வரும்.

என்ர பிழையையும் சொல்லவேணும், இல்லாட்டி எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி இருக்கும். ஒரு கொன்ராக்டர், ஆளைச் சொல்லேல்ல. கணக்கில வருசத்துக்கு வருசம் புழக்கம் கூடுது, நானே லிமிட் கூட்டச் சொல்லி எழுதிக் குடுத்தனான். உண்மை என்னெண்டா புது வேலையைத் தொடங்க எண்டு வந்த மொபிலைசேஷன் அட்வான்ஸை எடுத்துப் பழைய வேலையின்ர மணலுக்கும் கூலிக்கும் குடுத்திருக்கிறார், அதை முடிக்க இன்னொரு வேலை, அதை முடிக்க இன்னொண்டு. வளருது எண்டு நான் நினைச்சன். அந்த நேரம் அவர்ர செக் ரெண்டு மூண்டு "கையெழுத்து வித்தியாசம்" எண்டு திரும்பினது. கூப்பிட்டுக் கேட்டன், எனக்கு முன்னால இருந்து சிரிச்சுக்கொண்டு, வயசாகுது சேர் கை நடுங்குது எண்டார், நானும் சிரிச்சன். கணக்கில காசு இல்லாட்டி செக் காசில்லாமத்தான் திரும்பும், பேர் கெடும், கையெழுத்தைத் தெரிஞ்சே கொஞ்சம் மாத்திப் போட்டா நாலு நாள் கிடைக்கும், பேரும் கெடாது. அந்தக் கை வேற பத்திரம் ஒண்டிலயும் நடுங்கேல்ல எண்டு பிறகுதான் யோசிச்சன். 2022இல அரசாங்க பில் காசுகள் நிண்டவுடன எல்லாம் ஒரே நாளில வெளியில வந்தது.

ஆனா ஒரு எச்சரிக்கை, தப்பா வாசிச்சு நல்ல ஆளைக் கள்ளனாக்கவும் கூடாது. எங்கட ஊர் யாவாரம் பருவத்தோட போறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஆளின்ர கணக்கு டிசம்பர்ல காய்ஞ்சு கிடந்தா அது மழை, ஆகஸ்ட்ல காய்ஞ்சு கிடந்தாத்தான் பிரச்சினை. தம்பலகாமம், கந்தளாய் பக்கம் அரிசி ஆலைக்காரர் பெரும்போக அறுவடை நேரம் கழுத்து வரைக்கும் கடனில நிப்பினம், நெல்லு வாங்கிக் குவிக்கிற காலம், அது சரியான கடன். நெல்லும் முடிஞ்சு கடனும் நிண்டாத்தான் கேள்வி. கடலுக்கும் அப்பிடித்தான், வாடைக் காத்து நேரம் ஆரும் நிமிர்ந்து நிக்கமாட்டினம். அதால போன மாசத்தோட ஒப்பிடாதேங்கோ, போன வருசம் இதே மாசத்தோட ஒப்பிடுங்கோ. கட்டிட வேலை மழைக்கு நிக்கிறதால ஹாட்வெயாரும் நவம்பர், டிசம்பர்ல கொஞ்சம் தூங்கும், மச்சான் பிந்தின ரெண்டு மாசமும் அதுவோ எண்டு முதல் பாருங்கோ.

இன்ரநெட்டில தேடினா 1968இல எட்வர்ட் ஆல்ட்மன் எண்ட பேராசிரியர் உண்டாக்கின ஸெட் ஸ்கோர் எண்டு ஒண்டு வரும், அஞ்சு விகிதத்தைக் கூட்டி 1.8க்குக் கீழ வந்தா ஆபத்து எண்டு சொல்லும். நல்ல சாமான்தான், ஆனா பங்குச் சந்தையில இருக்கிற உற்பத்திக் கொம்பனிகளை வச்சுச் செய்தது. எங்கட கடைகளுக்கு பலன்ஸ் ஷீட் பிறக்கிறதே லோனுக்குப் போகேக்கதான், பாங்க்குக்கு ஒண்டு வரிக்கு ஒண்டு. அதில ஸ்கோர் பாத்து என்ன செய்ய.

மச்சான் இதை வாசிச்சா எண்டு அவருக்கும் கொஞ்சம். நகையை அடைவு வச்சது எதுக்கு எண்டு உங்களை நீங்களே கேளுங்கோ. சாமான் வாங்க வச்சா சாமான் வித்து மீக்கலாம். சம்பளம் குடுக்கவோ தவணை கட்டவோ வச்சா எதை வித்து மீக்கிறது? சீட்டை முதல் மாசமே பெரிய கழிவு குடுத்து எடுக்கிறதும், லீசிங் முடியப்போற லொறியைத் திருப்பி லீசிங் போடுறதும் இதே வகைதான். ஒரு சீஆர் கொப்பி எடுத்து, அடுத்த 13 கிழமைக்கு, ஒவ்வொரு கிழமையும் வரப்போற காசு ஒரு பக்கம், போகவேண்டிய காசு ஒரு பக்கம், திகதி போட்ட செக் எல்லாத்தையும் அந்தந்தக் கிழமையில எழுதுங்கோ. எந்தக் கிழமை கழுத்தை நெரிக்கும் எண்டு ரெண்டு மாசத்துக்கு முதலே தெரியும், அப்ப பாங்க்குக்குப் போகலாம். 2018இல இருந்து இருக்கிற கணக்கியல் விதிப்படி தவணை 30 நாள் பிந்தினா பாங்க் பொதுவா அந்தக் கடனை ரெண்டாம் படிக்கு இறக்கும், 90 நாள் தாண்டினா மூண்டாம் படி, அறவிடாக்கடன். முப்பதுக்கு முதல் போனா மனேஜர் தேத்தண்ணி சொல்லி தவணையை நீட்ட வழி பாப்பார், தொண்ணூறுக்குப் பிறகு ஃபைல் அவர்ர கையில இருக்காது. 50 லட்சத்துக்குக் குறையாத கடனுக்கு அடமானம் வச்ச காணி எண்டா 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ கோர்ட்டுக்குப் போகாமலே பாங்க் ஏலத்தில விக்கலாம், பராட்டே எண்டு சொல்லுறது அதைத்தான். 2024இல அதைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டி வச்சவை, அந்தச் சலுகை 2025 மார்ச்சோட முடிஞ்சுது. அதே 2024இலதான் இடரில நிக்கிற யாவாரங்களைத் தூக்கிவிட எண்டு பாங்க்குகளில தனிப் பிரிவு வைக்கச் சொல்லி மத்திய வங்கி உத்தரவு போட்டது, கிளையில போய் அந்தப் பிரிவு எங்க எண்டு கேக்கிறதுக்கு வெக்கப்படத் தேவையில்லை.

இனி நீங்க, தம்பி. மச்சானோட கதைக்கிறது எண்டா கல்யாண வீட்டிலயோ ராத்திரி போன்லயோ வேண்டாம். திங்கட்கிழமை காலமை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போய் காஷ் மேசைக்குப் பக்கத்தில இருங்கோ, ஒரு மணித்தியாலம். போன் அடிக்கேக்க எடுக்கிறாரோ, பேரைப் பாத்துட்டுக் கவிழ்த்து வைக்கிறாரோ எண்டு பாருங்கோ. ஏஜென்ட் பெடியன் வந்து ஓடர் எடுக்கிறானோ, இல்லை பழைய பில்லுக்குக் காசு கேட்டு நிக்கிறானோ எண்டும் பாருங்கோ. பிறகு "என்ர காசு எங்க" எண்டு கேக்காதேங்கோ, "இந்த மாசம் ஆராருக்கு குடுக்கக் கிடக்கு, சேர்ந்து எழுதிப் பாப்பமோ" எண்டு கேளுங்கோ. எழுத ஒத்துக்கொண்டா அந்தக் கடைக்கு இன்னும் உயிர் இருக்கு, 18,000த்தைக் கொஞ்சக் காலத்துக்கு நீங்களே நிப்பாட்டச் சொல்லலாம், முதல் வந்தாப் போதும். கோவம் வந்து கத்தினா, புதுசா ஒரு 3 லட்சம் இருந்தா எல்லாம் சரியாகிடும் எண்டு சொன்னா, அந்த 3 லட்சத்தை மட்டும் குடுக்காதேங்கோ. அது உங்களுக்கு முன்னால வரிசையில நிக்கிற ஆக்களுக்குத்தான் போகும்.

பிணை விசயம் இதைவிட அவசரம். க்ரிப்ல (கடன் தகவல் பணியகம்) உங்கட பேரில ரிப்போர்ட் எடுக்கலாம், நீங்க பிணை நிக்கிற கடனும் அதில வரும், எத்தனை நாள் பிந்தி நிக்குது எண்டு மச்சானிட்டக் கேக்காமலே தெரியும். பிணைப் பத்திரத்தின்ர கொப்பி உங்களிட்ட இல்லாட்டி பாங்க்ல கேட்டு எடுங்கோ. அதில தொகை எழுதியிருக்கோ, இந்த ஒரு லோனுக்கு மட்டுமோ இல்லை இனி அவர் எடுக்கப்போற எல்லாத்துக்குமான தொடர் பிணையோ எண்டு வாசியுங்கோ, கனபேர் வாசிக்காமத்தான் வச்சவை. தொடர் பிணை எண்டா, இனிமேல் குடுக்கிற கடனுக்கு நான் பொறுப்பில்லை எண்டு எழுத்தில அறிவிக்கிறதைப் பற்றி ஒரு சட்டத்தரணியிட்ட காட்டுங்கோ, ஏற்கனவே எடுத்ததுக்கு அது உதவாது. வழமையா அந்தப் பத்திரங்களில, முதல்ல கடன்காரனிட்ட அறவிட்டுட்டுத்தான் என்னட்ட வரவேணும் எண்டு கேக்கிற உரிமையை நீங்களே விட்டுக்குடுத்துக் கையெழுத்து வச்சிருப்பீங்க. அதை வாசிச்சிட்டு இங்க வந்து என்ன எழுதியிருக்கு எண்டு போடுங்கோ, மிச்சத்தை அதைப் பாத்துச் சொல்லுறன்.